கதவுக்குள்ளே பாட ஆள் வேண்டும்

டூசான்,
டிசம்பர் 26

அன்பு மகன் லியாண்ட்ரோவுக்கு,

முழங்கால் ஒன்றைத் தவிர என்னிடம் குறை சொல்ல எதுவும் இல்லை, குவாதலூப்பே மாதா அருளால் நீயும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருப்பாய் என்று நம்புகிறேன். சார்லட்டில் பனி பெய்ததாகச் செய்தியில் சொன்னார்கள், ஈரக் காலுறையோடு அலுவலகத்தில் உட்காராதே. இந்தக் கிறிஸ்துமஸுக்குத் தாமாலே நான் தனியாகத்தான் செய்தேன். சோளத்தோலில் மாவு தடவ ஒருவர், இறைச்சி வைத்து மடித்துக் கட்ட ஒருவர் என்று இரண்டு பேர் செய்கிற வேலை அது. உன் அப்பா போன பிறகு பதினோரு வருடமும் மாவு தடவியது பக்கத்து வீட்டு எல்விராதான். அவள் எப்போதும் கனமாகத் தடவுவாள், நான் திட்டுவேன், அவள் சிரிப்பாள். இந்த முறை திட்ட ஆளில்லாமல் நாற்பது கட்டி முடித்துவிட்டு, சாப்பிடவும் ஆளில்லாததால் கோயிலுக்குக் கொடுத்தனுப்பினேன்.

அவளை அக்டோபரில் பிடித்துக்கொண்டு போனதை உனக்குச் சொன்னேன். வண்டியில் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தினார்கள், குடியுரிமைக் காகிதம் இல்லை என்று கொண்டுபோனார்கள். வடக்கே பருத்திக் காட்டுக்கு நடுவில் இருக்கும் தனியார் சிறையில் வைத்திருக்கிறார்கள். இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "அம்பாரோ அம்மா, இவ்வளவு தூரம் பஸ்ல வராதீங்க, உங்க முழங்கால் என்னத்துக்காகும்" என்று என்னைத்தான் விசாரித்தாள். திரும்பும்போது, கூட வந்த கோயில் தோழி பிலோமினா, "அந்தச் சிறைக் கம்பெனிக்குக் கடன் கொடுக்கிறது யாரு தெரியுமா, உங்க பையன் பேங்க்குதான்" என்றாள். நான் நம்பாமல் உன்னைக் கேட்டேன். "அம்மா, அது சட்டப்படி நடக்கிற தொழில், ஆயிரம் ஃபைல்ல அது ஒண்ணு" என்றாய். ஜனவரியில் அந்தக் கடனைப் புதுப்பிக்க உன் கையெழுத்து வேண்டும் என்பதையும் நீயேதான் சொன்னாய். பொய் சொல்லவில்லை, அந்த மட்டில் நன்றி.

தெருவில் நின்று கத்துவது எனக்குப் பிடிக்காது, கன்னியர் மடத்தில் எங்களை அப்படி வளர்க்கவில்லை. உங்கள் வங்கிக்கு எதிராகப் போராடக் கூப்பிட்டபோது, கோஷ அட்டையைத் தொட மாட்டேன் என்று பிலோமினாவிடம் சொன்னேன். "உங்களை யாரு கத்தச் சொன்னா, பாடத்தானே கூப்பிடுறோம்" என்றாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாளும் யோசேப்பும் மரியாவும் தங்க இடம் கேட்டு அலைந்ததைப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவோமே, கடைசி நாளன்று அதை உங்கள் வங்கிக் கிளையின் வாசலில் பாடுவது என்று எங்கள் கோயில் பெண்கள் முடிவு செய்திருந்தார்கள். சரி என்றேன். சுருதி சேராதவர்களைப் பின்வரிசைக்கு அனுப்பினேன், மூன்று பேருக்கு என்மேல் கோபம்.

எங்களைப் பார்த்ததும் கண்ணாடிக் கதவைப் பூட்டினார்கள். இடம் கேட்கும் முதல் அடியைப் பாடி நிறுத்தினோம். அப்போதுதான் புத்திக்கு எட்டியது. வெளியே இருப்பவர்கள் கேட்டால் உள்ளே இருப்பவர்கள் மறுத்துப் பாட வேண்டும், பிறகுதான் அடுத்த அடி. வீடுகளில் உள்ளே எப்போதும் ஆள் இருக்கும், ஆகவே இங்கே யார் பதில் பாடுவது என்று நாற்பது பெண்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. "போச்சு, பேங்க்காரன் எங்க பாடப் போறான்" என்று பிலோமினா முணுமுணுத்தாள். அந்த அமைதியில் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. பணம் கொடுக்கும் ஜன்னலில் உட்காரும் நியேவெஸ், என்னிடம் ஞானோபதேசம் படித்த பெண். சின்ன வயதுப் பழக்கம், எங்கள் அடி முடிந்ததும் அவள் வாய் தானாகப் பாடிவிட்டது, இங்கே இடமில்லை, திறக்க மாட்டோம் என்கிற அடியை. பக்கத்து ஜன்னல்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். நல்ல குரல்கள். எங்கே உட்கார்ந்து எதைப் பாடுகிறோம் என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். நாங்கள் எங்கள் அடிகளைக் கடைசிவரை பாடினோம். முடிவில் உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறந்து வரவேற்றுப் பாட வேண்டும். யாரும் பாடவில்லை. பாட்டை முடிக்காமல் வீடு திரும்பியது என் எழுபத்தொன்பது வயதில் இதுதான் முதல் தடவை.

நேற்று நீ கூப்பிட்டாய். முந்தின நாள் மாலையே பத்திரிகையின் இணையதளத்தில் வந்த படத்தை அலுவலகத்தில் மேலதிகாரி காட்டி, முன்வரிசையில் முக்காடு போட்ட கிழவியை இங்கே யாருக்காவது தெரியுமா என்று கேட்டதாகவும், தெரியாது என்று நீ சொன்னதாகவும் சொன்னாய். "வேற என்னம்மா சொல்ல முடியும்" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். மேசையில் இரண்டு தட்டு எடுத்து வைத்திருந்தேன், ஒருவேளை வந்து நிற்பாய் என்று. அழுக்கே படாத அந்த இரண்டாவது தட்டைக் கழுவித் துடைத்து உள்ளே வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கையெழுத்துப் போடாதே என்று எழுத மாட்டேன், நீ குழந்தை இல்லை. ஜனவரி பன்னிரண்டாம் தேதி காலை சார்லட்டில் உங்கள் தலைமை அலுவலக வாசலில் பாடப் போகிறோம், பேருந்தில் மூன்று நாள் பயணம், விமான டிக்கெட் அனுப்பாதே. உள்ளே பாட இந்த முறையாவது ஆள் வைப்போம் என்றார்கள், வேண்டாம், உள்ளே ஒருவன் இருக்கிறான் என்று நான்தான் தடுத்தேன். படுக்க அங்குள்ள கோயில் கூடத்தில் இடம் சொல்லியாகிவிட்டது. உன் வீட்டில் தங்கலாமா என்று கேட்கவில்லை, கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டிவரும்.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், ஜெபமாலையைத் தினமும் உன் பெயர் சொல்லித்தான் முடிக்கிறேன். இரத்த அழுத்த மாத்திரையை விடாதே. பன்னிரண்டாம் தேதி தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு போ. கீழே இறங்கி வந்தால் வெளியே குளிராக இருக்கும்.

உன் தாய்,
அம்பாரோ கிரோகா