ஏழு வீட்டுச் சம்மதம்

பண்டார் ஸ்ரீ பெகவான், புருனை
26 பிப்ரவரி 1996

என் அன்புத் தங்கை மைமூனாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ அனுப்பிய டோடோல் இனிப்பு பெருநாளுக்கு முந்தின நாளே வந்துவிட்டது. அலுவலகத்தில் பாதியைப் பிடுங்கிக்கொண்டார்கள். உன் அண்ணி நோராய்னி நம்மை விட்டு மௌத்தான பிறகு வந்த முதல் பெருநாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் தனியாக உட்கார முடியாமல் அரண்மனைக்குப் போனேன். மூன்று நாளும் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ச் சாப்பிடலாம். எனக்கு முன்னால் ஒரு மீன்காரர், பின்னால் ஒரு நீதிபதி. இருவருக்கும் ஒரே கோழி, ஒரே கேக்.

ஒரே ஆள் ஆளுகிற நாட்டில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டேன். குறை சொல்ல மனம் வரவில்லை மைமூன். மேலிடத்திலிருந்து ஒரு வரி வந்தால் எட்டு மாதத்தில் நாங்கள் பாலம் கட்டி முடிக்கிறோம். நம் ஊர் ஓடைப் பாலத்துக்கு எத்தனை வருடமாகக் கூட்டம் போடுகிறீர்கள்?

லேமான் மாமா போய்விட்ட செய்தி கேட்டு அழுதேன். இனி நம் தாய்வழி வீடுகள் ஏழுக்கும் தலைவராகப் புதிய புவாபாக் வேண்டுமே. ஆகஸ்டில் எனக்கு வேலை ஓய்வு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மாமா இருந்த இடத்தில் நான் இருக்க ஆசைப்படுகிறேன். அம்மாவின் வீடு வழக்கப்படி உன் பெயரில். மனைவி வீடு என்று இனி ஒன்று இல்லை. தலைவர் என்ற பெயரும் இல்லாமல் ஊருக்கு வந்தால் நான் யார்? வீடு வீடாகப் பேசிப் பார்.

உன் அண்ணன்,
ஜமாலுடின்


குவாலா பிலா
19 மார்ச் 1996

மதிப்புக்குரிய அண்ணனுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை அழுதுவிட்டேன். "நான் யார்" என்று ஒரு கேள்வியா? சரி, அதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

மறந்திருப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். ஏழு வீட்டில் ஒரு வீடு முகம் சுளித்தாலும் புவாபாக் கிடையாது. முதல் கூட்டம் முடிந்தது. மூன்று மணி நேரத்தில் உங்கள் பெயர் இரண்டு தடவை வந்தது, ரபியா சித்தியின் முழங்கால் வலி ஒன்பது தடவை வந்தது. "ஜமால் நல்லவன்தான்டி, ஆனா அவன் மூஞ்சியே எனக்கு மறந்துபோச்சு" என்றார் சித்தி. உடனே லேமான் மாமா மகள் என்று உரிமை கொண்டாடி வந்து உட்கார்ந்திருந்த ஜைத்தூன், "போட்டோ அனுப்பச் சொல்லுங்க, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கற மாதிரி" என்றாள். தாய்வழியில் அவள் வேறு கிளை, நம் கிளையில் வாக்கே இல்லை, வாய் மட்டும் இருக்கிறது.

எனக்கு ஒரு சந்தேகம் அண்ணே, கேலியாகக் கேட்கவில்லை. ஜொகூரில் அப்பாவுக்குப் பிறகு மகன். நம் மாநிலத்தில் புவாபாக்குகள் கூடிக் குலத்தலைவரை எடுக்கிறார்கள், குலத்தலைவர்கள் கூடி வட்டாரத்தை ஆளும் உண்டாங்கை, நான்கு உண்டாங்கும் கூடி இளவரசர்களில் ஒருவரை ராஜாவாக்குகிறார்கள். நாட்டுக்கு மாமன்னரோ ஐந்து வருடத்துக்கு ஒருவர், அரண்மனைகள் முறை வைத்துக்கொள்கின்றன. கம்போடியாவில் போன ராஜாவையே மறுபடி கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்களாம், ஆட்சி மட்டும் வேறு ஆள் கையில். எல்லாவற்றுக்கும் ராஜா என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோமே, எப்படி? அங்கே உங்கள் ராஜாவிடம் "இது வேண்டாம்" என்று யார் போய்ச் சொல்வார்கள்? அந்த ஆளை எனக்குக் காட்டுங்கள்.

அன்புத் தங்கை,
மைமூனா


பண்டார் ஸ்ரீ பெகவான்
14 ஏப்ரல் 1996

அன்புத் தங்கைக்கு,

உன் கேள்வியை அலுவலகத்தில் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தேன். "வேண்டாம்னு சொல்ற மாதிரி அவர் எதுவும் செய்யறதில்லையே" என்று எழுத்தர் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

படம் வரைகிற பிரிவில் பர்மாக்காரர் ஒருவர், கோ தெய்ன் வின். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். "உங்க ராஜாவுக்கு ஒரு முகம் இருக்கு சார். தாத்தா பேரு இருக்கு, ஊரு கெட்டா அவர் பேரு கெடும். எங்க ஊர்ல காக்கிச் சட்டைதான் ஆளுது. உள்ள இருக்கற ஆளு மாறுவான், சட்டை மாறாது. யார்கிட்ட போய்க் கெஞ்சறது?" அப்படியென்றால் தனியாள் ஆட்சி எல்லாம் ஒரே ரகம் இல்லை. சோறு போட்டுக் கட்டிவைக்கிற ஆட்சி உண்டு, வெறுமனே கட்டிவைக்கிற ஆட்சியும் உண்டு. இரண்டிலும் கட்டு இருக்கிறதே என்று நீ கேட்பாய், தெரியும்.

அது போகட்டும். உங்கள் கூட்டங்கள் இப்படியே போனால் நான் கிழவனாகிவிடுவேன். எல்லோருக்கும் எளிதாகட்டும் என்று அலுவலகத் தட்டச்சில் ஒரு சுற்றறிக்கையை ஏழு பிரதி அடித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிடு. பொறுப்பேற்கும் விருந்து எந்த நாள், யார் வீட்டில் ரெண்டாங் கறி, யார் வீட்டில் சோறு, எல்லாம் வரிசையாக இருக்கிறது. குழப்பமே வராது.

உன் அண்ணன்,
ஜமாலுடின்


குவாலா பிலா
3 ஜூன் 1996

அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் சுற்றறிக்கையை ஏழு வீட்டுக்கும் கொடுத்தேன். இன்னும் யாரும் சம்மதமே சொல்லவில்லை, நீங்கள் விருந்துக்கு நாள் குறித்துவிட்டீர்கள்! ரபியா சித்திக்கு வாசித்துக் காட்டினார்கள். "நாப்பது வருஷமா நான்தான் ரெண்டாங் கிண்டறேன், எனக்கே காயிதம் போட்டு உத்தரவா?" என்று சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவருக்கு. ஒருவரும் கோபப்படவில்லை. "பாவம், ரொம்ப நாளா வெளியூர்ல இருக்கான், மறந்துட்டான்" என்றார்கள். போன வெள்ளிக்கிழமை கடைசிக் கூட்டத்தில் ஆறு வீடும் சம்மதம் சொல்லிவிட்டன. ஏழாவது நம் வீடு. சொந்தத் தங்கை, கேட்கவா வேண்டும் என்று பக்கத்து அறையில் தேநீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் வேண்டாம் என்று சொன்னேன்.

இதை வேறு யாராவது உங்களுக்கு எழுதுவதற்குள் நானே எழுதுகிறேன். ரெண்டாங்குக்காக இல்லை. அந்தக் காகிதத்தில் நாலாவதாக என்ன போட்டிருந்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? "கிளைக்குள் வரும் தகராறுகளில் புவாபாக்கின் முடிவே இறுதியானது." மற்றவர்கள் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள், என்னால் முடியவில்லை. லேமான் மாமா ஒரு வேலித் தகராறுக்கு ஏழு வீட்டிலும் ஏறி இறங்கி, ஏழு வீட்டிலும் தேநீர் குடித்து, கடைசியில் "நீங்க என்ன சொல்றீங்களோ அதான் என் முடிவு" என்பார். அவர் வாயிலிருந்து இறுதி என்ற சொல்லை நான் கேட்டதில்லை.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். நான் சொல்லப்போகிற ஒரு சொல்லுக்காக ஆறு வீடும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தபோது, உங்கள் ராஜாவெல்லாம் யார், நான்தான் ராஜா என்று தோன்றியது. எண்பது பேர் விருப்பத்தைத் தனியாக ஒருத்தி நிறுத்திவிட்டேன். அது மட்டும் என்ன நியாயம்? அதைவிடக் கொடுமை, அந்த நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நான் வேண்டாம் என்றுதான் சொல்ல முடியும் அண்ணே. இன்னார் வேண்டும் என்று என்னால் தனியாக ஒருவரையும் உட்கார வைக்க முடியாது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறதோ என்னவோ.

சித்தி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் சந்தையில் கெளுத்தி வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து, "எனக்கும் ரெண்டு பொறுக்கு, உன் கண்ணுதான் நல்லாருக்கு" என்றார். அவ்வளவுதான். இடம் காலியாகவே இருக்கிறது. நோன்புக்கு முன் மறுபடி உட்காருவோம்.

என்னைத் திட்டுங்கள், ஆனால் எழுதாமல் இருக்காதீர்கள். நீங்கள் வரவேண்டும். அம்மா வீட்டுக்கு வர உங்களுக்குப் பட்டம் எதற்கு?

உங்கள்
மைமூனா


பண்டார் ஸ்ரீ பெகவான்
21 ஜூலை 1996

மைமூனாவுக்கு,

ஆறு வாரம் நான் எழுதவில்லை. வேண்டுமென்றேதான். கூடப் பிறந்தவளே காலை வாரிவிட்டாள் என்று பார்த்தவரிடமெல்லாம் புலம்பினேன். ஊருக்கே வருவதில்லை என்று முடிவு செய்து இங்கே வாடகைக்கு அறை கூடப் பார்த்துவிட்டேன்.

போன வாரம் கோ தெய்ன் வின்னிடமும் புலம்பினேன். முழுதும் கேட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்: "வேண்டாம்னு சொன்ன அந்தம்மாவுக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

"என்ன ஆகும்? மீன் வாங்கப் போனா" என்றேன் எரிச்சலோடு.

அவர் நம்பவில்லை. "யாரும் வீட்டுக்கு வரலையா? புருஷன் வேலை போகலையா?" என்று மறுபடி மறுபடி கேட்டார். பிறகுதான் அவருடைய தம்பியைப் பற்றிச் சொன்னார். கல்லூரியில் படிக்கும்போது கூட்டத்தில் எழுந்து ஒரே ஒரு தடவை வேண்டாம் என்று சொன்னவன். எட்டு வருடமாக எந்தச் சிறையில் இருக்கிறான் என்று அவர்களுடைய அம்மாவுக்குத் தெரியாது.

நான் வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை எடுத்து மீன் வாங்கின இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த நாலாவது வரியை நான் யோசித்து அடிக்கவில்லை மைமூன். கை தானாக அடித்தது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மன்னித்துவிடு.

வாடகை அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆகஸ்ட் 30 வெள்ளிக்கிழமை விமானம், சனிக்கிழமை மதியம் குவாலா பிலா பேருந்து நிலையத்தில் இருப்பேன். இனி புவாபாக் பேச்சை எடுக்க மாட்டேன். ஒன்றே ஒன்றுதான் தெரியவேண்டும், சித்தியிடம் கேட்டு வை. அடுத்த கூட்டத்தில் எனக்கும் வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டா?

உன் அண்ணன்,
ஜமால்