உஸ்மா வராமல் காய் அடுக்க மாட்டோம்

செங்கொடி, நம்ம பொண்ணுங்க கேரம் கப்பைத் தூக்கிட்டாங்கடி, அதுவும் முதல் ஆட்டத்தை ஆடாமலே தோத்துப்போய்!

நானும் உன் நைனாவும் இங்கே சுகம், குவாஹாட்டி குளிரில் நீயும் சுகமாக இருந்தால் எங்களுக்கு வேறென்ன வேண்டும். ரயில்வேயில் வேலை எப்படிப் போகிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? நம் பெண்கள் மன்றத்துப் பேஜில் நான் போடுகிற ரீல்ஸ் ஒன்றுக்கும் நீ லைக் போடவில்லை, சரி, வேலை என்று விட்டுவிட்டேன், ஆனால் இந்த விஷயம் ரீல்ஸில் அடங்காது, அதனால்தான் கடிதம்.

பையன்கள் போர்டைத் தொட விடவில்லை என்று நீயும் ஷாலுவும் காலடிப்பேட்டை ரேஷன் கடைக்குப் பின்னால் பழைய போர்டு ஒன்றைப் போட்டு ஆரம்பித்தீர்களே, அங்கே இப்போது சாயங்காலத்தில் உட்கார இடமில்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பிறகுதான் ஆட்டம். எல்லாரும் வராமல் காய் அடுக்கக் கூடாது என்று நீ வைத்த சட்டமும் அப்படியே இருக்கிறது. தண்ணீர் லாரி வந்து ஒருத்தி வீட்டில் மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் போய்க் குடம் தூக்கிக் கொடுத்து அவளை இழுத்து வருகிறார்கள்.

நீ போனபிறகு சேர்ந்தவள் உஸ்மா, சாத்தாங்காட்டில் இரும்பு வியாபாரம் பார்க்கிற வஹாப் பாயின் மகள், என்ன கைடி அவளுக்கு! ஆனால் பாய், வயசுப் பொண்ணு, இந்த மேட்சோட போதும், அதுக்கும் நானே இட்டாரேன் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் முகமே சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் ஃபைனல், ரெண்டு சிங்கிள்ஸ், ஒரு டபுள்ஸ். பாயின் வண்டி எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. முதல் சிங்கிள்ஸ் ஷாலுவுடையது, அவள் போர்டுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் உஸ்மா வராமல் காயைத் தொட மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டாள். அடியே, உன் ஆட்டத்துக்கு அவ இன்னாத்துக்குடி என்று நான் கத்தியது ராயபுரம் முழுக்கக் கேட்டிருக்கும். நடுவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, தோல்வி என்று எழுதிவிட்டார்.

அப்போதுதான் பாயும் மகளும் ஓடி வந்தார்கள். நடந்ததைக் கேட்ட பாய், எம்பொண்ணு வராததுக்கு நீ ஏம்மா தோத்த என்றார். ஷாலு, அவ ரோட்ல மாட்டிக்கினப்போ நாங்க பாட்டுக்கு ஆடினா அப்பறம் இன்னா மாமா மன்றம் என்றாள். பாய் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். உஸ்மா தன் சிங்கிள்ஸை ஊதித் தள்ளினாள். டபுள்ஸில் ஷாலுவும் அவளும், கடைசி போர்டில் உஸ்மா ரெட் காயைப் போட்டாள், அடுத்து ஒரு வெள்ளைக் காய் விழுந்தால்தான் ரெட் செல்லும். பின்னாலிருந்து ஒரு குரல், கட்டைல அடிச்சு போடு கண்ணு, கட்டைல! யாரென்று பார்த்தால் பாய், பெஞ்சு மேலே நிற்கிறார்! போர்டின் ஓரக் கட்டையில் அடித்துத் திருப்பிப் போட்டுவிட்டாள்.

எல்லாரையும் தன் லோடு வண்டியில் ஏற்றி அவரவர் வாசலில் இறக்கிவிட்டது அவர்தான். ஷாலு வீட்டு வாசலில் மட்டும் வண்டியை நிறுத்திக் கேட்டாராம், நாளிக்கி எப்போம்மா காய் அடுக்குவீங்க, இவள அனுப்பணும்ல.

நீ நோய்நொடியில்லாமல், தலை நிமிர்ந்து நன்றாக இரு. எண்ணெய் தேய்த்துக் குளி, ஸ்வெட்டர் போடு. வீடியோவை அனுப்பியிருக்கிறேன், உன் ஆபீஸ் தோஸ்துகளுக்கெல்லாம் காட்டு, ஷேர் பண்ணு. வரும் ஞாயிறு சாயங்காலம் மறக்காமல் வீடியோ காலில் வா. புது போர்டு வந்திருக்கிறது, பவுடர்கூடப் போட்டாயிற்று, செங்கொடி அக்கா வராமல் காய் அடுக்க மாட்டார்களாம்.

உன் அம்மா
பூவம்மா