டாக்டரிடம் மட்டும் சொன்னது

அப்பா,

இன்று காலை தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு லேபில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். கையில் தேய்த்த ஸ்பிரிட் வாசனை, பஸ் ஏறி உட்கார்ந்த பிறகும் போகவில்லை. வீடு வந்து சேரும்வரை உங்கள் ஆபரேஷன் நினைப்புதான்.

அப்போது நீங்கள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்திருந்தது. தொண்ணூறைத் தாண்டிய உடம்பு மயக்க மருந்தைத் தாங்குமா என்று எல்லோருக்கும் பயம். மயக்க மருந்து டாக்டர் சின்னப் பெண். ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டே வந்தவர், "குடிப்பழக்கம் உண்டா சார்?" என்றார். நீங்கள் வாய் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன்.

"ஐயோ, அப்பா சர்ச் கமிட்டியில இருந்தவர் டாக்டர். எங்க வீட்டுல அந்தப் பேச்சே கிடையாது."

நீங்கள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். டாக்டர் அதைக் கவனித்துவிட்டார். "அக்கா, கொஞ்ச நேரம் வெளியே இருங்களேன்."

பிறகு வராந்தாவுக்கு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அம்மா போனதிலேருந்து தூக்கமே இல்லையாம். தினமும் கொஞ்சம் பிராந்தி. 'பொண்ணு முகத்தைப் பார்த்து என்னால சொல்ல முடியாது, நீங்களே சொல்லிடுங்க'ன்னார். சொன்னது நல்லதாப் போச்சு. இந்த வயசுல திடீர்னு நிறுத்தினா ஆபரேஷனுக்கு அப்புறம் கை நடுங்கும், புத்தி தடுமாறும். அதையும் பார்த்துக்கறோம். முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைக்கிறோம். முடிஞ்சதும் அவர் கண்ணாடியை மாட்டிவிட்டு நீங்க பக்கத்துலயே இருங்க, தெரிஞ்ச முகத்தைப் பார்த்தா தடுமாற்றம் குறையும்."

நான் முதலில் செய்தது, யார் காதிலாவது விழுந்ததா என்று சுற்றிப் பார்த்ததுதான். அம்மா போன நாளிலிருந்து அடுத்த அறையில்தான் படுத்திருந்தேன். உங்களுக்குத் தூக்கம் இல்லை என்பதுகூட எனக்குத் தெரியாது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் மட்டும் சற்றுத் தடுமாறினீர்கள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, அம்மா என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"பாப்பாகிட்ட சொல்லிடாதே. மானம் போயிடுச்சுன்னு கத்துவா."

அந்தப் பாப்பா நான்தான் என்று சொல்லாமல், அம்மாவாகவே "சொல்லமாட்டேங்க" என்றேன். அப்படியே தூங்கிப்போனீர்கள்.

தெளிந்து, வாக்கர் பிடித்து நடந்து, ஈஸ்டர் ஆராதனைக்குக்கூட வந்தீர்கள். பிராந்திப் பேச்சை நீங்களும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. படுக்கப் போகும்போது கட்டில் ஓரம் உட்கார்ந்து அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். கூச்சப்பட்டே காலம் போய்விட்டது, நீங்களும் போய்விட்டீர்கள்.

வெட்கமாக இருக்கிறது, அப்பா. நீங்கள் குடித்ததற்காக இல்லை. பெற்ற மகளை வெளியே அனுப்பிய பிறகுதான் உங்களால் வாய் திறக்க முடிந்தது.