கஞ்சா வாங்கப் போன இடத்தில் கேட்ட கேள்விகள்

என் அருமை மச்சான் குணா,

சுகம் விசாரித்துத் தொடங்க முடியாத கடிதம் இது. நீ போன இடத்தில் சுகத்துக்குக் குறைவில்லை என்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்றைக்கே ஐயர் அடித்துச் சொல்லிவிட்டார். இங்கேதான் சுகமில்லை. உன் தங்கச்சி பவானிக்கு ஏலாமல் கிடக்கிறது, எனக்கு வழி தெரியவில்லை, கேட்பதற்கு உன்னைவிட்டால் ஆளும் இல்லை.

இதை வேறு யாராவது வாசித்தால், மலேசியாவின் ஈப்போவில் பிறந்த உனக்கும் யாழ்ப்பாணத்துப் பவானிக்கும் என்ன உறவு என்று குழம்புவார்கள். எங்கள் கல்யாணத்துக்கு அவளுடைய தம்பிக்கு விசா கிடைக்கவில்லை. எங்கள் வழக்கப்படி பெண்ணின் சகோதரன்தான் தோழனாக நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும், மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போட வேண்டும். லண்டன் லூயிஷாம் கோயில் வாசலில் ஐயர் "தோழன் எங்கே?" என்று கேட்க, எல்லாரும் முழித்துக்கொண்டு நிற்க, கமராவோடு நின்ற நீ அதை யாரிடமோ கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செம்பைத் தூக்கினாய். அன்றிலிருந்து நீ அவளுக்கு அண்ணன், எனக்கு மச்சான். மோதிரம் உன் விரலுக்குச் சிறிதாகப் போனதைச் சாகும்வரை சொல்லிக்காட்டினாய்.

பவானியின் கால் விறைக்கத் தொடங்கியபோது நாங்கள் எல்லாரும் குளிர் என்றோம். நீ மட்டும்தான், "இது குளிர் இல்ல மச்சான், ஸ்பெஷலிஸ்ட்ட பாரு" என்றாய். எம்.எஸ். என்கிற நரம்பு வியாதி என்று அவர்கள் சொன்ன அடுத்த வருடமே நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

அவள் இப்போது சக்கர நாற்காலியில். நடக்க முடியாததைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், இழுப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. இருந்தாற்போலக் கால் இரண்டும் உலக்கை மாதிரி விறைத்து நீட்டும், நான் முழுப் பலத்தையும் போட்டு மடக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு முருகா முருகா என்பாள். மாத்திரையைக் கூட்டினால் நாள் முழுவதும் தூங்கி வழிகிறாள், தேத்தண்ணிக் கோப்பை கையில் நிற்பதில்லை. குறைத்தால் இழுக்கிறது. ஸ்பெஷலிஸ்ட் கையை விரித்துவிட்டார். போன மாதம் ஒரு இழுப்பு அடங்கிய பிறகு அவள் என்னைப் பார்த்து, "என்னை எங்கையாவது கொண்டுபோய் விட்டுட்டு நீங்கள் நிம்மதியா இருங்கோ" என்றாள். சாந்தமாகச் சொன்னாள், குணா. அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

அடுத்த கிழமை வீட்டுக்கு வரும் நேர்ஸிடம் இதைச் சொல்லி நான் அழுதேன். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, சிலபேர் கஞ்சா பாவிக்கிறார்கள், சிலபேருக்குக் கேட்கிறது, நான் சொன்னதாக வெளியில் சொல்லாதே என்றாள். அதிலிருந்து எடுத்த மருந்தொன்றை வாய்க்குள் தெளிப்பதற்காகப் பரிசோதித்துக்கொண்டிருக்கிறார்களாம். அது எப்போது வரும் என்று கேட்டேன். அவள் தோளைக் குலுக்கினாள்.

நீயும் நானும் ஸ்ட்ரெதமில் ஒரே அறையில் குடியிருந்த காலத்தில் ஒரு சிகரெட்டை முழுதாக இழுத்து முடிக்காதவன் நான். இப்போதும் ரயில் நிலையத்தில் டிக்கெட் விற்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து மற்றவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் என் உத்தியோகம், கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. அது உன் தொழில். உன் மருந்துக்கடைக்கு வந்த எங்கள் சனம் உன்னைத் திட்டியது கொஞ்சமா? யாருக்கு, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள், முன்னே இதை எடுத்திருக்கிறார்களா, எதற்காக வேண்டும் என்று ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்துக் கேட்பாய். "பனடோல் வாங்கப் போனால் சாதகம் கேக்கிறான் உங்கட சிநேகிதன்" என்று ஒரு மாமி என்னோடு சண்டைக்கே வந்தார். அந்தக் கடையில் இப்போது ஃபோன் கார்ட் விற்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

நூலகத்துக் கொம்பியூட்டரில் தேடினேன். யாராவது திரையை எட்டிப் பார்ப்பார்களோ என்று முதுகு கூசியது. கலிபோர்னியாவில் இதற்கென்றே கடைகள் இருக்கின்றனவாம், டொக்டரின் கடிதத்தோடு போனால் மருந்துக்கடை மாதிரி வாங்கலாமாம். போகிறவர்கள் என்ன கேட்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் போட்டிருந்தார்கள். எந்த வகைச் செடி, எவ்வளவு கடுமை, எங்கே வளர்த்தது, மருந்து அடித்து வளர்த்ததா, பூஞ்சணம் பார்த்தார்களா, புகைக்கவா சாப்பிடவா, எவ்வளவு நேரத்தில் ஏறும், மற்ற மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா? வாசிக்க வாசிக்க உன் குரல்தான் கேட்டது. அவ்வளவையும் பாடமாக்கினேன்.

அந்தப் பாடத்தை முதலில் ஒப்புவித்தது பிரிக்ஸ்டன் ஸ்டேஷன் வாசலில் நின்ற ஒருவனிடம். சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள், ஆனாலும் குற்றம் குற்றம்தான். பிடிபட்டால் என் வேலை போகும். அவன் என்னை மேலும் கீழும் பார்த்து, நீ வாங்க வந்தாயா, பரீட்சை வைக்க வந்தாயா என்று கேட்டான். அகதி விண்ணப்பத்துக்கு ஹோம் ஒஃபீஸ் இன்டர்வியூவில் என்னிடம் கேட்டதில் பாதிகூட நான் அவனிடம் கேட்கவில்லை. கடைசியில் அவன் தந்த கறுப்புக் கட்டியை வீட்டுக்கு வந்து முகர்ந்து பார்த்தால் சப்பாத்துப் பொலிஷ் மணம். என்னத்தைக் கலந்தானோ, அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். கழிப்பறையில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டு அங்கேயே கதவில் சாய்ந்துகொண்டு நின்றேன். பவானி உள்ளேயிருந்து, "என்னப்பா செய்யிறீங்கள்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஏன் ஒன்றுமில்லை என்றேன்? உனக்கு அவளைத் தெரியும். வெள்ளிக்கிழமை முட்டை வெந்த சட்டியைக்கூடத் தொடமாட்டாள். கஞ்சாக்காரன் என்பது அவள் வாயில் வரக்கூடிய ஆகப் பெரிய வசவு. சொன்னால் மாட்டேன் என்பாள், மாட்டேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அந்த வாசலும் அடைபட்டுவிடும். ஆகவே நானே முடிவெடுத்தேன். அது நெய்யில் நன்றாக இறங்குமாம். ரவை லட்டு என்றால் அவளுக்கு உயிர். வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு ஒன்று சாப்பிடுவாள். அந்த நெய்க்குள்ளே சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். பிள்ளையாருக்கும் சேர்த்துத்தான் கொடுக்கப் பார்த்திருக்கிறேன் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

பவானி கிழமையில் ஒருநாள் போகிற பகல்நேர நிலையத்தில் இன்னொரு நோயாளியின் புருஷன் எனக்கு ஒரு விலாசம் சொன்னான். லூயிஷாமில் ஒரு கீழ்மாடி வீடு. அங்கே மார்கரெட் என்ற வெள்ளைக்காரப் பெண், அவளுக்கும் எம்.எஸ்., ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு வருகிறவர்களுக்கு மட்டும் கொடுக்கிறாள். பெயர்ப்பலகை இல்லாத கடை என்று வைத்துக்கொள். லீவு போட்டுவிட்டு ரயில் எடுத்தேன். வழியில் நம்முடைய கோயில் தாண்டிப் போக வேண்டியிருந்தது, அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

மார்கரெட்டும் சக்கர நாற்காலியில்தான். மடியில் ஒரு பூனை, பின்னால் அலுமாரி நிறையத் தகர ரின்கள், ஒவ்வொன்றிலும் கையால் எழுதி ஒட்டிய பெயர். நான் பாடமாக்கியதை எல்லாம் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை, குணா. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். செடி யார் வளர்த்தது, எப்படிக் காயவைத்தது, மூடியைத் திறந்து பூஞ்சணம் இல்லை என்று காட்டி முகரவும் தந்தாள். சாப்பிட்டால் ஏறச் சுணங்கும், வேலை செய்யவில்லை என்று பதறி இன்னொன்றைத் தின்றுவிடக்கூடாது, மிகச் சிறிய துண்டில் தொடங்கிப் பொறுத்திருந்து பார் என்றாள். இழுப்பு மாத்திரையோடு சேர்ந்தால் தூக்கமும் தலைச்சுற்றலும் கூடும், எவ்வளவு கூடும் என்று தனக்குத் தெரியாது என்றாள். தெரியாததைத் தெரியாது என்று அவள் சொன்னபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. கடவுள் கண் திறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

பிறகு அவள் கேட்கத் தொடங்கினாள். முன்னே எடுத்திருக்கிறாளா, இருதயம் எப்படி, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா? எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். கடைசியில், இதைப் பற்றிச் சொன்னபோது உன் மனைவி என்ன சொன்னாள் என்று கேட்டாள்.

நான் லட்டுக் கதையைச் சொன்னேன். கெட்டித்தனம் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

மார்கரெட் ரின்னை மூடி அலுமாரிக்குள் திரும்ப வைத்தாள். என் உடம்புக்குள் எனக்குத் தெரியாமல் ஒருவன் எதையாவது போட்டால் அவன் என் புருஷனாக இருந்தாலும் மன்னிக்கமாட்டேன், அவளைக் கூட்டிக்கொண்டு வா என்றாள். எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. கும்பிட்டேன். முழங்காலில் நின்றேன். அவள் படும் பாட்டை நீ பார்க்கவில்லை, ஒரு துண்டு தா, ஒரே ஒரு துண்டு என்று கெஞ்சினேன். பூனைதான் பயந்து குதித்து ஓடியது. அவள் கண்ணும் கலங்கியது, ஆனால் அலுமாரியைத் திறக்கவில்லை.

திரும்பி வரும்போது கோயில் வாசலில் என் கால் நின்றுவிட்டது. நீ என் காலைக் கழுவிய அதே படி. எனக்கு உன்மேல்தான் ஆத்திரம் வந்தது. ஏன் போனாய்? நீ இருந்திருந்தால் நான் இப்படி வீடு வீடாக மண்டியிடுவேனா? அப்போதுதான் ஞாபகம் வந்தது. உன் கடையில் ஒருநாள் நான் நிற்கும்போது ஒருவர் வந்து, மனைவி இரவெல்லாம் அரற்றுகிறாள், தேத்தண்ணிக்குள் கரைத்துக் கொடுக்கத் தூக்கத்துக்கு ஏதாவது தா என்றார். நீ பிடிவாதமாக, "அந்த அம்மாவுக்கு வாய் இருக்குல்ல? கேட்டுட்டு வாங்க லா" என்று திருப்பி அனுப்பினாய். அந்தக் கலிபோர்னியாப் பக்கத்தில் இந்தக் கேள்வி இல்லை. வாங்குகிறவன்தான் சாப்பிடுகிறவன் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். நம்முடைய ஆட்கள் மருந்து வாங்கும் முறை அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அன்று பின்னேரம் விளக்கு வைக்கும் நேரம். பவானியால் குனிய முடியாது என்பதால் இந்த இரண்டு வருடமாக நான்தான் பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் எடுத்து அவள் காலைக் கழுவித் துடைத்து, நாற்காலியைச் சாமியறைக்குத் தள்ளிக்கொண்டு போவேன். அன்றும் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை. அவள் காலை என் கையிலிருந்து இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். கால் வரவில்லை.

"பிள்ளையாருக்குப் படைக்கிற லட்டுக்குள்ளையோ?"

"ஓம்."

தண்ணீர் ஆறிப்போனது. திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் நல்லது என்றும் இருந்தது. அவள் திட்டாமல், "குணா அண்ணா இருந்திருந்தா என்ன கேட்டிருப்பார்?" என்றாள்.

எதற்காக வேண்டும் என்று கேட்டிருப்பான் என்றேன்.

"அப்ப நீங்களும் கேளுங்கோவன்."

கேட்டேன். "பவானி, உமக்கு இது எதுக்கு வேணும்?"

நோவுக்கு என்பாள் என்று நினைத்தேன். தூக்கத்துக்கு என்பாள் என்று நினைத்தேன். அவள் பேசினைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நோவோட நான் பழகீட்டன். ஒரு நாளைக்கெண்டாலும் குனிஞ்சு என்ர காலை நானே கழுவிப்போட்டு விளக்குக் கொளுத்த வேணும். நீங்கள் கழுவக் கழுவ நான் கூசிச் செத்துக்கொண்டிருக்கிறன். இதை ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை."

குணா, ஒவ்வொரு நாளும் இதே கைகளால் கழுவியிருக்கிறேன். பெரிய சேவை செய்கிறேன் என்றுகூட உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. நீ என் காலைக் கழுவியபோது எனக்கும்தானே கூசியது, அது ஒரே ஒரு தரம். அவளுக்குத் தினமும்.

வருகிற வியாழக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு லூயிஷாமுக்குப் போகிறேன். இன்னும் ஓம் என்று சொல்லவில்லை. "வந்து கேக்கிறன், கேட்டுப்போட்டுச் சொல்லுறன்" என்கிறாள். என்னென்ன கேட்பாய் என்றால் சொல்கிறாள் இல்லை. ஒன்று மட்டும் என்னிடம் வாய்விட்டுக் கேட்டாள், அதைத் தின்றால் மனதில் பூட்டி வைத்ததையெல்லாம் உளறிவிடுவேனோ என்று. அப்படி என்ன பூட்டி வைத்திருக்கிறாள்? அந்த வார்த்தையை, எங்கையாவது கொண்டுபோய் விடுங்கோ என்றதை, இன்னும் மனதில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறாளா?

அவள் வேண்டாம் என்றுவிட்டால்? வேண்டும் என்று சொல்லி, அது கேட்காமல் போனால்? அதற்குப் பிறகு எந்தக் கதவைத் தட்டுவது? இந்தக் கேள்விக்கு மார்கரெட்டிடமும் பதில் இருக்காது. உன்னிடம் இருக்குமென்றால் எந்த வழியிலாவது சொல்லிவிடு மச்சான், கனவில் என்றாலும் சரி. நான் இப்போதெல்லாம் கொஞ்ச நேரமாவது கண்ணை மூடுகிறேன்.

ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் பண்ணித் தருகிறேன். வியாழக்கிழமை அந்த வீட்டில் நான் வாயைத் திறக்கமாட்டேன். நாற்காலியைத் தள்ளுவதோடு என் வேலை முடிந்தது, கேட்பதும் முடிவெடுப்பதும் உன் தங்கச்சி. திரும்பும்போது கோயில் வாசலில் நிறுத்துவேன். அங்கே படியடியில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது. கழுவவா என்று முதலில் அவளிடம் கேட்பேன்.

நீ கால் கழுவிய மாப்பிள்ளை,
உன் தங்கச்சி புருஷன்,
நேசன்