மெஷினுக்குத் தெரிந்த முகம்

மொவாலா தீவு
பிஜி, மார்ச் 4

மச்சான் மெசாகேவுக்கு,

புயலில் போன் கோபுரம் விழுந்தது உன் அதிர்ஷ்டம். இல்லையென்றால் இந்நேரம் உன் காது கிழிந்திருக்கும். நலமா என்று கேட்க மாட்டேன். ஆலை ஆபீஸில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன கேடு?

சுவா மீன் ஆலையில் பன்னிரண்டு வருஷம் சூரை வெட்டியவனை, 'பதினொரு நாள் சொல்லாமல் வேலைக்கு வரவில்லை' என்று எழுதி வெளியே தள்ளிவிட்டார்கள். அந்தப் பதினொரு நாளும் நான் மேஜை முன்னால் நின்று மீன் வெட்டினேன். நீயே பார்த்தாய். மத்தியானம் என் மரவள்ளிக்கிழங்கைப் பிடுங்கித் தின்றாயே!

வாசலில் முகம் பார்த்து வருகை பதியும் மெஷினை மாட்டியபோது எல்லாரையும் படம் எடுத்தவன் நீ. மற்றவர்களிடம், "ஆடாத, வாய மூடு, நேராப் பாரு" என்றாய். என் முறை வந்ததும், "மச்சான், உன் மூஞ்சியப் பாத்தா சூரை மீனு தானா டின்னுக்குள்ள குதிச்சிரும்டா" என்றாய். நான் வாய்விட்டுச் சிரித்தேன். டக்கென்று அமுக்கி, அதையே மெஷினில் ஏற்றிவிட்டாய். அத்தை மகனுக்கு என்னைக் கேலி செய்ய உரிமை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆறு மாதம், தினமும் காலையில் பல்லைக் காட்டினால்தான் எனக்குப் பச்சை விளக்கு. வரிசையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு அப்பா போனார். மண்ணில் வைத்துவிட்டுத் தாடியோடு வேலைக்கு வந்தேன். நூறு இரவு முடியும்வரை சவரம் இல்லை என்று உனக்குச் சொல்லவா வேண்டும்? சிவப்பு விளக்கு. மறுபடியும் சிவப்பு. காவலாளி, "கொஞ்சம் சிரிச்சுப் பாருங்கண்ணே" என்றான். அப்பனைப் புதைத்த கையோடு மெஷினுக்குச் சிரிக்கணுமாடா நான்? பாவம், அவன்தான் பக்கத்துக் கதவு வழியாக விட்டான். உன்னிடம் வேறு படம் எடு என்றேன். "நாளைக்கு மச்சான்" என்றாய். பதினொரு நாளும் நாளைக்குத்தான்.

மேனேஜரிடம் போய், தப்பு உன்னுடையது என்று சொல். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

சகியுசா

*

சுவா
மார்ச் 15

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதத்தைத் தொட்டதும் கை சுட்டது. திட்டு, உனக்கு உரிமை உண்டு.

ஆனால் என் நிலைமையையும் பார். படம் சரியாக இல்லையென்றால் எடுத்தவன் வேலை போகும் என்று மேனேஜர் முதல் நாளே கையெழுத்து வாங்கிவிட்டார். உன் படத்தை மாற்றப் போனால் பழைய படம் அவர் கண்ணில் படும். அதனால்தான் நாளைக்கு, நாளைக்கு என்றேன். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? மேஸ்திரி தொமாசி உனக்காகப் பேசினார். "மெஷின் பொய் சொல்லாது" என்று மேனேஜர் முடித்துவிட்டார்.

ஒரு யோசனை. தாடியை எடுத்துவிட்டு வந்து, ஒரே ஒரு தடவை பழைய மாதிரி சிரித்துவிட்டால் பச்சை விழும். மெஷின் சரியாகிவிட்டது என்று நான் சொல்லிக்கொள்கிறேன். கோபப்படாதே, யோசனைதான்.

உன் மெசாகே

*

மொவாலா தீவு
மார்ச் 26

மெசாகே,

தாடியை எடுக்கவா? செத்தவர் எனக்கு அப்பா என்றால் உனக்குத் தாய்மாமன். சின்ன வயதில் படகு கவிழ்ந்தபோது உன்னை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தியவர். உனக்கு வெட்கமே இல்லையா?

இங்கே ஊரோடு யங்கோனா வேர்ச்சாறு குடிக்க உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. "அப்பன் செத்ததைச் சாக்கு வச்சு வேலைக்குப் போகாமத் தூங்கிருக்கான்" என்று என் காதுபடவே சொல்கிறார்கள். அப்பாவின் பெயரும் சேர்ந்து நாறுகிறது.

உண்மையைச் சொல். வேறு யோசனை எதுவும் எழுதாதே.

சகியுசா

*

சுவா
ஏப்ரல் 6

மச்சான், மச்சான்!

காரியம் முடிந்தது! மெஷினைப் பழுது பார்க்க வந்த ஆளைப் பிடித்து, உன் பழைய படத்தை அழித்துப் புதுசு ஏற்றிவிட்டேன். மெஷின் கோளாறு என்று அவன் எழுதிக் கொடுத்தான், மேனேஜர் நம்பிவிட்டார். உன் வேலை உனக்கே. என் தலையும் தப்பியது.

படம் ஏது என்கிறாயா? மாமாவின் பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது போனில் எடுத்தது. நீ நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தாய். முகத்தில் நல்ல வெயில், பின்னால் வெறும் வானம், ஒரு நிழல் இல்லை. தாடியும் முளைத்திருந்தது. ஆலையிலேயே இவ்வளவு தெளிவான படம் யாருக்கும் இல்லை! இனி நீ சிரிக்கவே வேண்டாம், அதே முகத்தோடு வந்து நில். அடுத்த கப்பலில் ஏறு. நடந்ததை யாரிடமும் சொல்லாதே.

உன் மெசாகே

*

மொவாலா தீவு
ஏப்ரல் 17

மதிப்பிற்குரிய மெசாகே அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் வேலைக்கு வரவில்லை.

அன்று பெட்டிக் கயிற்றைப் பிடிக்க ஒரு கை குறைந்தது. அத்தை மகன் எங்கே என்று தேடித்தான் நிமிர்ந்து பார்த்தேன். உங்கள் கையில் போன் இருந்தது.

அந்தப் படத்தை அழிக்கச் சொல்லி மேனேஜருக்கு இதே கப்பலில் எழுதியிருக்கிறேன். பதினொரு நாளும் நடந்ததை எழுதினேன். உங்கள் பெயரை எழுதவில்லை. இரண்டு படத்தையும் எடுத்தது யார் என்று அவர் கேட்பார். அப்போதாவது வாயைத் திறங்கள்.

நூறாவது இரவுக்கு வாருங்கள். அவர் உங்கள் மாமா, தடுக்க எனக்கு உரிமை இல்லை. நல்ல பாயாக விரித்து, முதல் கிண்ணம் உங்களுக்கே கொடுப்போம். விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை எதுவும் குறையாது. என்னைக் கேலி மட்டும் செய்யாதீர்கள். நான் சிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
சகியுசா நைவாலு