நடுவருக்கு அண்ணை வைத்திருந்த பெயர்

என் அருமை அண்ணை,

சனிக்கிழமை உங்கள் சீசன் ரிக்கெற்றில் உதைபந்தாட்டம் பார்க்கப் போனேன். வருடக்கணக்காகக் கூப்பிட்டும் வராதவன், நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதத்தில் போனதற்குப் பாசமே காரணம் என்று எழுத ஆசைதான். உண்மை வேறு. வருகிற செவ்வாய்க்கிழமை எனக்குச் சுவிஸ் குடியுரிமை நேர்முகம். ஷாஃப்ஹவுசன் நகர வாழ்க்கையில் கலந்துகொள்கிறீரா என்று கேட்பார்களாம். ஓர் அத்தாட்சி தேவைப்பட்டது.

கோட்டும் டையும் போட்டுக்கொண்டேன். வதிவிட அனுமதி, வேலை ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் கோப்பில் வைத்து எடுத்துப் போனேன். சீருடை நிற்கும் வாசலுக்கு நாங்கள் வேறெப்படிப் போவோம்? காவலாளி கோப்பைத் திறந்து, உள்ளே போத்தல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தான். இந்த நாட்டில் என் கடதாசிகளை ஒருவர் வாசிக்காமல் திருப்பித் தந்தது அதுவே முதல் தடவை.

உங்கள் கதிரைக்குப் பக்கத்தில் ஹெர் ப்ரூனர் இருந்தார். நகரசபையில் என் குடியுரிமை விண்ணப்பத்தை வாங்கி வைத்த அதே ப்ரூனர். செவ்வாய்க்கிழமை மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கப்போகிறவர். இதை ஏன் ஒருநாளும் சொல்லவில்லை, அண்ணை? எழுந்து வணக்கம் சொன்னேன். நடுவர் மைதானத்துக்குள் வந்தபோது, கையில் விசில் இருந்ததால், அவருக்காகவும் எழுந்து நின்றேன். பின்னால் இருந்தவர்கள் என்னை இருக்கச் சொன்னார்கள்.

நடுவர் முதல் பிழை விட்டதும் வரிசை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நீங்கள்தான் எப்போதும் தொடங்குவீர்களாம், அவர்கள் பின்னால் கத்துவார்களாம். நீங்கள் போன பிறகு ஒருவரும் தொடங்கவில்லையாம். எதைத் தொடங்குவது என்று கேட்டேன். ப்ரூனர் என் காதருகே குனிந்து, அட்சரம் பிசகாமல் தமிழில் சொன்னார்: "குருடா."

பொருளும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் எல்லாருக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டிய மனுசன் நீங்கள். ஞாயிற்றுக்கிழமை வெறும் போத்தலைத் தெருத் தொட்டியில் போட்டால் அயலுக்குக் கேட்கும் என்று என்னைத் தடுத்தவர். விசில் வைத்திருக்கும் ஒருவரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஊரே கேட்க ஏசினீர்களா? ஊரும் கூடச் சேர்ந்து ஏசியதா?

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒருவேளை இதுதான் நேர்முகமோ? கத்தினால் ஒழுக்கக்கேடு, கத்தாவிட்டால் கலந்துகொள்ளாமை.

இரண்டாம் பாதியில் எங்கள் ஆளை ஒருவன் தள்ளி விழுத்தினான். நடுவர் விசில் ஊதவில்லை. வரிசை மறுபடி என்னைப் பார்த்தது. எழுந்தேன். டையைச் சரிசெய்தேன்.

"ஐயா, உங்களுக்குக் கண் தெரியேல்லையோ?"

ஒருவரும் பின்னால் கத்தவில்லை. ப்ரூனர் சற்று யோசித்தார்.

"உங்கள் அண்ணன் சுருக்கமாகச் சொல்வார்," என்றார்.

அப்போதுதான் கோபம் வந்தது. நடுவர் மேலா, சொல்லாமல் போன உங்கள் மேலா என்று இன்னும் தெரியவில்லை. "குருடா!" என்று கத்தினேன். வரிசை கத்தியது, பிறகு மேல்வரிசையும் கத்தியது. நான் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அப்படியே உங்கள் குரல் என்றார் ப்ரூனர். நீங்கள் கத்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஒப்பிட வழியில்லை.

தோற்றோம். ப்ரூனர் கைகொடுத்துவிட்டு, செவ்வாய்க்கிழமையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், அடுத்த ஆட்டம் எப்போது என்று மட்டும் சொன்னார். அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

செவ்வாய்க்கிழமை அவர்கள் என்ன முடிவெடுத்தாலும், அடுத்த ஆட்டத்துக்கு உங்கள் கதிரையில் இருப்பேன், அண்ணை. நானே தொடங்குவேன். கோப்பை வீட்டில் விட்டுவிடுவேன். டையைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை.

பக்கத்துக் கதிரையில் எப்போதோ இருந்திருக்க வேண்டிய
உங்கள் தம்பி