ஆடாதோடைப் படிகம் யாருடையது

என் லலிக்கு,

அம்மா கோவிலுக்குப் போயிருக்கிறாள். அந்தத் தைரியத்தில்தான் லலி என்று எழுதுகிறேன். காலேஜில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வாடி போடி என்று பேசிக்கொண்டிருந்த உன்னை, அண்ணாவுக்கும் உனக்கும் கல்யாணமான மறுநாளே “இனிமே பேர் சொல்லிக் கூப்பிடப்படாது, மன்னின்னு கூப்பிடு” என்று அம்மா சொல்லிவிட்டாள். உன்னை முதன்முதலில் இந்த வீட்டுக்குக் காப்பி குடிக்க அழைத்து வந்தவள் நான். கடைசியில் உன் பெயர்கூட எனக்கு இல்லை என்று ஆயிற்று. இன்றைக்கு வாய் நிறையக் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் வருஷம் திரும்பிவிட்டது. எல்லோரும் உன்னைப் பற்றி நல்லதாகவே பேசுகிறார்கள். எனக்கு அது ஆகவில்லை. செத்துப்போனவள் மேல் பொறாமைப்படக் கூடாதா என்ன? பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நான் ரசம் வைத்தால் அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “நன்னாத்தான் இருக்கு. ஆனா லலிதா வெச்ச மாதிரி வரலை” என்கிறாள். அண்ணா என்னோடு பேசுவதைவிட உன் படத்தோடு அதிகம் பேசுகிறான். மாட்டுங்கா மார்க்கெட்டில் அந்தப் பூக்கார அம்மா இன்னும் உனக்கென்று ஒரு முழம் அளந்துவிட்டு, அப்புறம் ஞாபகம் வந்து, “நீயே வெச்சுக்கோம்மா” என்று என்னிடம் நீட்டுகிறாள். எனக்கென்று அவள் ஒரு நாளும் அளந்ததில்லை.

வீட்டில் நீ ஜெயித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். லேபில் ஜெயித்தாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. செம்பூரில் அந்த மருந்துக் கம்பெனி லேபில் இருவரும் ஒரே நாளில்தான் சேர்ந்தோம். ஆடாதோடை இலைக்குள் இருந்துகொண்டு சளியை இளக்குகிற சரக்கு எதுவோ, அதைத் தனியாகப் பிரித்து எடுப்பதுதான் நம் வேலை. இலையைக் காயவைத்து இடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து, அதை வடித்து வற்றவைத்து, ஆசிட் விட்டு, அம்மோனியா விட்டு, குளோரோஃபார்மில் குலுக்கிப் பிரித்து... இடுப்பு ஒடிந்துபோகும். இத்தனைக்கும் பிறகு குடுவையின் அடியில் கொஞ்சம் பழுப்புப் பிசின் நிற்கும். அதைச் சுத்தம் செய்து மறுபடி கரைத்துக் குளிரவைத்தால், உள்ளே இருக்கும் வாசிசின் என்கிற அந்தச் சரக்கு வெள்ளை ஊசிகளாகப் படிய வேண்டும். படிந்தால்தான் மருந்து கையில் கிடைத்ததாக அர்த்தம்.

உன் குடுவையில் படியும். என் குடுவையில் பிசின் பிசினாகவே உட்கார்ந்திருக்கும். இலை ஒன்றுதான், புட்டி ஒன்றுதான், இருவரும் பக்கத்துப் பக்கத்து மேஜை. உன் கையில் அப்படி என்னதான் இருந்தது?

“முகத்தைத் தூக்கி வெச்சுக்காதேடி. என்னோடதுலேர்ந்து ஒரு துணுக்கு போட்டுக்கோ” என்பாய். நம் தொழிலில் அது வழக்கம்தான், குற்றமில்லை. ஏற்கெனவே படிந்த படிகத்தில் ஒரு பொட்டு எடுத்து விதையாகப் போட்டால், கரைசல் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டு படிய ஆரம்பிக்கும். எனக்கும் படிந்தது, எப்போதும் உன் விதையில். மணி சார் வந்து குடுவையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “லலிதா விதையா?” என்று கேட்பார். நம் தலைவர் என்பதால் நானும் சிரித்துவைப்பேன். வயிறு எரியும்.

நீ போன பிறகு உன் மேஜையை எனக்குக் கொடுத்தார்கள். உன் கையெழுத்தில் சீட்டு ஒட்டிய படிகக் குப்பி அலமாரியில் அப்படியே இருந்தது. அதைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டேன். ஒரே ஒரு தடவை, உன் விதை இல்லாமல், என் கையால் படிய வேண்டும். படியவில்லையென்றால் லேபே வேண்டாம், ஆபீஸ் பக்கம் டைப்பிங்குக்கு மாற்றல் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

தாதர் மார்க்கெட்டுக்கு நானே போய், அடுல்சா என்று மராத்தியில் கேட்டு இலை வாங்கினேன். கண்ணாடிச் சாமான் ஒன்று விடாமல் நானே ஆசிட் போட்டுக் கழுவினேன். அந்த வாரம் பார்த்து, லேபில் புடவைமேல் போடும் என் முழுக்கை ஏப்ரனில் ஆசிட் பட்டு ஓட்டை. அண்ணா அலமாரியிலிருந்து அம்மா உன்னுடையதை எடுத்துக் கொடுத்தாள். “நன்னாத்தானே இருக்கு, எதுக்கு வீணாக்கணும்?” என்றாள். எனக்குத் தோளில் தொளதொளவென்று இருந்தது. அதிலும் எனக்கு எரிச்சல்தான்.

சாயங்காலம் குடுவையை மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன். காலையில் திறந்து பார்த்தால் ஊசி ஊசியாக, வெள்ளை வெளேரென்று, அடி முழுக்கப் படிந்திருக்கிறது. அழுதேன் லலி, சந்தோஷத்தில். உடனே உன்னிடம் காட்ட வேண்டும் என்றுதான் தோன்றியது. உன்னை ஜெயித்ததை உன்னிடம் காட்டாமல் வேறு யாரிடம் காட்டுவது?

மணி சார் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “பேஷ். விதை போட்டியோ?”

“இல்லை சார். லலிதா குப்பியைத் தொடவே இல்லை.”

“தொடணும்னே இல்லைம்மா. ஒரு லேப்ல ஒரு தடவை படிஞ்சுடுத்துன்னா, அப்புறம் சுலபமாப் படியும். கண்ணுக்குத் தெரியாத பொடி எங்கேயாவது ஒட்டிண்டிருக்கும். மேஜையில இருக்கும், துணியில இருக்கும்” என்றவர், என் ஏப்ரன் கையைப் பார்த்தார். “இது லலிதா ஏப்ரன்னா?”

பாவம், மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்தக் குடுவையை அவர் மேஜையிலேயே போட்டு உடைக்கலாம் போலிருந்தது. நான் குனிந்து நின்றபோது உன் ஏப்ரன் கைமடிப்பிலிருந்து ஒரு தூசி உள்ளே விழுந்ததா? விழவில்லையா? அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உனக்காவது தெரியுமா? போனவள் போனவளாக இருக்கக் கூடாதா? இந்த ஒன்றையாவது எனக்கு விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துபோயிருக்கும் உனக்கு?

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக வாளியில் வெந்நீர் பிடித்துவைத்து, சோப்புக் கட்டியோடு உட்கார்ந்தேன். துவைத்துப்போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்து பார்ப்பதாக இருந்தேன். அம்மா எட்டிப் பார்த்து, “அதை எதுக்குடி நனைக்கறே? அழுக்கே இல்லையே” என்றாள்.

ஏப்ரனை நனைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டேன். உன் படம் அண்ணாவுடையது. உன் ரசம் அம்மாவுடையது. உன் முழம் பூகூட அந்தப் பூக்கார அம்மாவுடையது. ஆளுக்கு ஒன்றாக உன்னை எடுத்துக்கொண்டாகிவிட்டது. இந்தத் துணியில் இருக்கும் பொடி மட்டும் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதுவும் மாட்டுங்கா சாக்கடையில் போய்விட்டால் எனக்கென்று நீ எங்கே இருக்கிறாய்? வெந்நீரில் என் புடவையைத் துவைத்தேன். ஏப்ரனை மடித்து என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அண்ணா அலமாரியில் வைக்கவில்லை.

அடுத்து கீழாநெல்லியைக் கொடுத்திருக்கிறார் சார். காமாலைக்குக் கொடுப்பார்களே, அதில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டுமாம். நீ தொடாத செடி. லேபில் அதற்கு விதையும் கிடையாது, யாருடைய பொடியும் கிடையாது. எனக்குப் புது ஏப்ரன் தைக்கக் கொடுத்திருக்கிறேன், தோளுக்குச் சரியாக.

டைப்பிங்குக்குப் போக மாட்டேன் லலி. கீழாநெல்லி என் கையில் படிகிறவரை விட மாட்டேன், இது உனக்குக் கொடுக்கும் வாக்கு. அந்தப் பொடி என் துணியில் ஒட்டட்டும். எனக்குப் பின்னால் அந்த மேஜைக்கு வருகிறவள், நான் உன்னைத் திட்டுவது போல என்னைத் திட்டட்டும். உன் ஏப்ரனைத் துவைக்கவும் மாட்டேன், யாருக்கும் தரவும் மாட்டேன். அண்ணா கேட்டாலும்.

அம்மாவுக்குத் தெரிந்து உன் நாத்தனார்,
தெரியாமல் உன் பத்மா.